சந்தில் நுழையாத கார்

சர்வேயர் வீட்டில் பொய் கிடையாது என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை அவர். மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, இது உண்மையிலேயே விபத்தில் வந்த சேதமா, இல்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியை ஏய்க்கச் செய்த வேலையா என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் மனைவிகூடக் கோபம் வந்தால், "வந்துட்டார் சர்வேயர்!" என்றுதான் முணுமுணுப்பாள்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும், கைக்குட்டையில் சுற்றி. வண்டியின் உடம்பில் அதை மெல்ல நகர்த்திக்கொண்டு போவார். தகரம் இருக்கிற இடத்தில் காந்தம் கப்பென்று பிடித்துக்கொள்ளும். நசுங்கிய இடத்தில் பட்டி பார்த்து, அதாவது பசை மாவை அப்பித் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் காந்தம் வழுக்கிக்கொண்டு கீழே வரும். அந்த இடத்தை விரலால் தட்டி, எதிரே நிற்பவன் முகத்தை நேராகப் பார்த்து, "இது எப்படி ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு வியர்க்காத ஆளை அவர் பார்த்ததில்லை.

மகள் திரும்பி வந்தபோது மட்டும் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

அவள் வந்தது ஒரு பட்டப்பகலில். வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அவள் நிமிர்வதற்குள் சர்வேயர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டார். அந்த வீட்டு ஆடிட்டர் அங்கே இல்லை. நிம்மதியாகப் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

"நான் இனிமே அங்க போகப் போறதில்லப்பா," என்றாள் மகள்.

"முதல்ல கை கால் கழுவிட்டுச் சாப்பிடு," என்றார் அவர்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாலையில் ஆடிட்டர் கேட்டபோது, "லீவுல வந்திருக்கா," என்று சொன்னார். குடும்ப மானம் என்பது லேசான சரக்கா? அப்பா கட்டிக் காத்தது, தாத்தா கட்டிக் காத்தது. தன் காலத்தில் அதில் ஒரு கீறல் விழக் கூடாது என்று அவர் நினைத்ததைத் தப்பென்று யார் சொல்ல முடியும்? ஆனால் லீவு என்பது நீண்டுகொண்டே போகிற சாமான் இல்லையே. மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஆடிட்டர் கேட்டின் மேல் கையூன்றிக்கொண்டு, "பொண்ணுக்கு லீவு இன்னும் முடியலையா சார்? நல்ல ஆபீஸ்! நமக்கெல்லாம் இப்படி ஒரு ஆபீஸ் வாய்க்கலையே!" என்பார். சர்வேயரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே வந்தால் காது சுடும்.

மகளுக்குப் பல்செட் செய்யும் லேபில் வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவதை வைத்து, மெழுகில் பல் செதுக்கி, வரிசை பார்த்துப் பொருத்துகிறவள். இந்த ஊரிலும் அவளைக் கூப்பிட லேப் இருந்தது. "கொஞ்ச நாள் போகட்டுமே," என்று தடுத்தவர் அப்பாதான். அவளும் பேசாமல் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகுக் கட்டியில் யாருடைய வாய்க்கும் இல்லாத பற்களைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒரு பழைய கார் வாங்கலாமா? ரொம்பப் பழசு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணலாம். நீங்க தகரம் பாருங்க, நான் சின்னச் சின்ன வேலையெல்லாம் பார்க்கறேன்."

"ஓட்டறது யாரு? நானா?" என்றாள் அம்மா.

"நீ பின்னாடி உட்கார்ந்து வழி சொல்லும்மா. சும்மா இருக்கும்போதே சொல்றதானே."

சர்வேயர் சிரித்துவிட்டார். மகள் வந்ததிலிருந்து அந்த மேஜையில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பள்ளிக்கூட விடுமுறையில் அவரோடு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக வந்து, காந்தத்தை நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்தவள் அவள். சரி என்றார். மகளோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்கிற சந்தோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். அதற்குக் கீழே இன்னொரு காரணமும் இருந்தது. பின்பக்கக் கொட்டகையில் ஒரு காரோடு அவள் மும்முரமாகிவிட்டால் வாசல் பக்கம் தலை காட்ட மாட்டாள். அந்தக் காரணத்தை அவர் தன்னிடமே சொல்லவில்லை. ஆனால் வண்டி பார்க்கக் கிளம்பிய அன்று, யாரும் எழுவதற்கு முன்பே டேப்பை எடுத்துக்கொண்டு போய், வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கொட்டகைக்குப் போகிற சந்தின் அகலத்தை அளந்துவிட்டு வந்தார்.

பழைய வண்டி விற்கிறவரை ஊரில் ஹாரன் என்பார்கள். அவர் பேச ஆரம்பித்தால் அடுத்த தெருவில் ஆள் ஒதுங்குமாம். யார்டு முழுக்கத் துருப்பிடித்த வண்டிகள். ஒன்றின் பானெட்டில் ஒரு பூனை குடும்பத்தோடு குடியிருந்தது.

"வாங்க சார், வாங்க! சர்வேயர் சாரே நம்ம இடத்துக்கா! காந்தம் கொண்டு வந்திருக்கீங்களா? இல்ல நான் ஒண்ணு தரவா?"

அந்தக் கிண்டலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வருஷங்களுக்கு முன் ஹாரன் ஒரு வேனுக்குக் க்ளெய்ம் போட்டிருந்தார். காந்தம் வழுக்கிவிட்டது. சர்வேயர் வேலையாட்கள் முன்னாலேயே அவரை நிறுத்தி வைத்து, "பொய்யா சொல்றே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஹாரன் அதை மறக்கவில்லை. ஆனால் மனத்தில் வைத்துக்கொண்டு பழி தீர்க்கிற ஆளும் இல்லை.

முதலில் காட்டியது ஒரு குட்டிக் கார். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. சர்வேயர் டேப்பை நீட்டினார். ஒரு பக்கக் கண்ணாடியிலிருந்து மறுபக்கக் கண்ணாடி வரை அளந்தார்.

"போகும்," என்றார்.

"எங்கப்பா போகும்? இதுல நீங்க உட்கார்ந்தா முழங்கால்தான் ஸ்டீயரிங் பிடிக்கும்," என்றாள் மகள்.

அவள் கண் அதற்குள் வேறிடத்துக்குப் போயிருந்தது. வேலி ஓரத்தில் அகலமான பச்சைக் கார் ஒன்று நின்றது. மட்கார்டு இரண்டும் தோள் புடைத்த மாதிரி. முன்சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. கியர் ஸ்டீயரிங்கிலேயே. முன்பக்கக் கிரில்லில் பாதிக் கம்பி இல்லை. அவள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, நோயாளியின் வாயைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஐயோ பாவம், மேல்வரிசை மொத்தமா போயிடுச்சு. கடவாய் மட்டும் இருக்கு. இவருக்கு நானே செட் பண்ணித் தரேன்ப்பா."

"தங்கச்சி, நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கே என் பல்லு வலிக்குது," என்றார் ஹாரன்.

சர்வேயர் காந்தத்தை ஓட்டினார். பானெட், கூரை, டிக்கி எல்லாம் நல்ல கனத் தகரம். இடதுபக்கக் கதவில் மட்டும் ஓரிடத்தில் வழுக்கியது. கதவு ஒரு பெரிய விஷயமில்லை. அடிச்சட்டம் நேராக இருந்தது. இவ்வளவு நல்ல வண்டியை அவர் வெகுகாலமாகப் பார்க்கவில்லை. வாய் நிறையப் பாராட்ட வந்தது. அதை விழுங்கிவிட்டு டேப்பை நீட்டினார்.

"இடிக்கும்," என்றார்.

"எங்க இடிக்கும்?"

"சந்துல. கொட்டகைக்குப் போகாது."

"கொட்டகை எதுக்கு? முன்னாடி போர்டிகோ சும்மாதானே கிடக்கு? வெளிச்சமும் அங்கதான்."

"போர்டிகோ வேண்டாம். தூசி. பின்னாடின்னா நிழல், தொந்தரவு இல்ல."

மகள் அவர் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் இடையில் புகுந்து சமாதானம் செய்ய நினைத்தார் போலும். "ரெண்டு பேரா சேர்ந்து பண்ணப் போறீங்க, எங்க வச்சா என்ன சார்? இஞ்சினை இறக்கும்போது மட்டும் இன்னும் ஒரு கை வேணும்..."

"மாப்பிள்ளை வெளிநாடு போயிருக்கார்," என்றார் சர்வேயர். "ட்ரெயினிங். கம்பெனியே அனுப்பியிருக்கு. அதான் இவ இங்க இருக்கா."

யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விவரமாகப் பதில் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று தனக்குக் கீழே வேலை பழகியவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

ஹாரன் ஒரு நொடி பேசாமல் நின்றார். அந்த மனிதரிடம் அது நடக்காத காரியம். பிறகு ரொம்ப மரியாதையாக, "அப்படிங்களா சார். நல்லதுங்க. குளிர் தேசமா?" என்று கேட்டார்.

"ஆமா. குளிர்தான்."

"பத்திரமா இருக்கச் சொல்லுங்க சார்."

மகள் எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "போலாம்ப்பா," என்றாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவள், பெரிய சாலைச் சிக்னலில் நின்றபோது அவர் காதுக்குப் பின்னால் சொன்னாள்.

"அவருக்குத் தெரியும்ப்பா."

"யாருக்கு?"

"ஹாரனுக்கு. கல்யாணத்துக்கு நீங்க வாங்கிக் கொடுத்த காரை வித்துக் கொடுத்ததே அவர்தான். நான்தான் கையெழுத்துப் போடப் போனேன். எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அன்னிக்கே சொன்னேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கவலைப்படாதீங்க தங்கச்சின்னு சொல்லி அனுப்பினார்."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் அலறின. சர்வேயர் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, காலை ஊன்றி நின்றார். இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. முகத்தைத் திருப்ப முடியாத ஒரு கனம் கழுத்தில் ஏறியிருந்தது. ஹாரன் பக்கம் நின்று பார்த்தால், தன்னை ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தியவன் கண்ணெதிரே பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறான். ஒரு வார்த்தை போதும், பழைய கணக்கு தீர்ந்துவிடும். அந்த ஆள் அதைச் செய்யாமல், குளிர் தேசமா என்று கேட்டு அவருக்கு வழி விட்டிருக்கிறான். அவர் யாருக்காவது அப்படி வழி விட்டதுண்டா?

"ஏன் அங்கேயே சொல்லல?"

"உங்களை எப்படிப்பா அவர் முன்னாடி நிறுத்தி வைக்கறது?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க அங்க அளந்தது காரை இல்ல. நான் எந்தச் சந்து வழியாப் போனா யார் கண்ணுலயும் பட மாட்டேன்னு அளந்தீங்க. லீவு, வெளிநாடு, ட்ரெயினிங்... என் மேல பட்டி பார்த்துட்டீங்கப்பா. அழகா, மேடு பள்ளம் தெரியாம."

வீட்டுக்கு வந்ததும் அவள் பின்னறைக்குப் போய்விட்டாள். மனைவி தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். "வண்டி பிடிச்சுதா?" என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவ ஏன் வந்தான்னு உனக்குத் தெரியுமா?" என்றார் சர்வேயர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? ஊர்ல இருக்கற தகரத்தையெல்லாம் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேட்டீங்க. பெத்த பொண்ணைக் கேட்கல. நான் சொல்ல மாட்டேங்க. அவகிட்டயே கேட்டுக்கோங்க."

அவர் எழுந்து பின்னறை வாசல் வரை போனார். கதவு திறந்துதான் இருந்தது. மகள் முதுகைக் காட்டிக்கொண்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரை வியர்க்க வைத்த அந்தக் கேள்வியை இத்தனை மாதம் கழித்து எந்த முகத்தோடு கேட்பது? வந்த வழியே திரும்பினார்.

மறுநாள் காலை தனியாக யார்டுக்குப் போனார். ஹாரன் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் ஒரு லாரியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அவரைப் பார்த்ததும், "ஆபீஸ் ரூமுக்குப் போயிடலாம் சார்," என்றார்.

"வேண்டாம். இங்கேயே சொல்றேன்," என்றார் சர்வேயர். விறைத்த முதுகோடுதான் நின்றார். குரல்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "நேத்து நான் சொன்னது பொய். மாப்பிள்ளைன்னு இப்ப யாரும் இல்ல. என் பொண்ணு அந்த வீட்டை விட்டு வந்துட்டா. வெளிநாடு, ட்ரெயினிங் எல்லாம் நானா கட்டினது."

சக்கரம் கழற்றுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. ஹாரனுக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "அட, விடுங்க சார். உங்க க்ளெய்மை நான் நேத்தே பாஸ் பண்ணிட்டேனே," என்றார்.

சிரிக்கத்தான் சொன்னார். சர்வேயருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பாஸ் பண்ணாதீங்க. தப்பான க்ளெய்ம். திருப்பி அனுப்புங்க."

ஹாரன் என்று எத்தனையோ பேர் மரியாதையில்லாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். சர்வேயர் அவரை 'வாங்க, போங்க' என்று பேசியது அன்றுதான் முதல் தடவை. ஹாரன் தன் தோளில் கிடந்த துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சர்வேயர் உட்காரவில்லை.

"அந்தப் பச்சை வண்டி எனக்கு வேணும்," என்றார்.

"சந்துல இடிக்குமே சார்?"

"இடிக்கும். சந்துக்குப் போகல."

இன்னொரு வண்டியில் கயிறு கட்டி அந்தப் பச்சைக் காரை இழுத்து வந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. போர்டிகோவில் ஏற்றி நிறுத்தினால் பின்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அகலத்தைத்தான் அளந்தார், நீளத்தை அளக்கவில்லை. கேட்டைச் சாத்த முடியவில்லை. மனைவி இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல சர்வேயர்!" என்றாள்.

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். காரையும் பார்த்தாள், திறந்து கிடந்த கேட்டையும் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்து, இடதுபக்கக் கதவருகே நின்று கையை நீட்டினாள். அவர் காந்தத்தைக் கொடுத்தார். அவளும் அதே இடத்தில்தான் கண்டுபிடித்தாள். காந்தம் வழுக்கியது.

"பெரிய பட்டி. முதல்ல இதைச் சுரண்டி எடுக்கணும்," என்றாள். சுரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்களே எடுங்க."

அந்தப் பக்கம் திறந்த கேட் வழியாகத் தெருவுக்கு நன்றாகத் தெரியும். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். உட்கார்ந்தார். சுரண்டினார். காய்ந்த பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்து வேட்டியெல்லாம் சாம்பல் நிறமானது.

ஆடிட்டர் வராமல் இருப்பாரா? கேட்தான் திறந்தே கிடக்கிறதே. "பிரமாதம் சார்! மாப்பிள்ளைக்கா வாங்கியிருக்கீங்க? லீவு முடிஞ்சு போகும்போது இதுலேயே போகலாம் போல!"

மகள் கிரில்லின் முன்னால் குந்தியிருந்தாள். தலை தூக்கவில்லை. ஆனால் அவள் கை வேலையை நிறுத்திவிட்டது அவருக்குத் தெரிந்தது.

"மாப்பிள்ளைக்கு இல்ல சார்," என்றார் சர்வேயர். "அந்தக் கல்யாணம் முடிஞ்சு போச்சு. லீவும் இல்ல ஒண்ணும் இல்ல, இவ இங்கதான் இருக்கப் போறா. இந்த வண்டி எனக்கும் என் பொண்ணுக்கும். இத்தனை நாள் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஆடிட்டர் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "எங்களுக்கும்... கொஞ்சம் தெரியும் சார்," என்றார் மெதுவாக. "நீங்க லீவுன்னு சொன்னீங்க. சரி, லீவுன்னே வச்சுக்குவோம்னு..." முடிக்காமல், ஏதோ வேலை நினைவு வந்தவர் போலத் தெருவைக் கடந்து போய்விட்டார்.

அப்படியானால் இத்தனை காலமாகக் காத்தது எதை? தெருவே சேர்ந்துகொண்டு, அவர் மனம் நோகக் கூடாதென்று, அவருடைய பொய்யை அவருக்காகத் தாங்கிப் பிடித்திருக்கிறது. மானம் போய்விடும் என்று பயந்தது வீண். அது எப்போதோ போயிருக்கிறது, அதைப் போக்கியவள் மகளும் இல்லை. காது மட்டுமல்ல, கழுத்து, நெற்றி எல்லாம் சுட்டது. எழுந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. போகவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தார். பட்டிக்குக் கீழே தகரம் தெரிய ஆரம்பித்தது. பெரிய பள்ளம். யாரோ காலால் உதைத்த மாதிரி உள்ளே போயிருந்தது.

சுரண்டியை மடியில் வைத்தார்.

"எப்படி ஆச்சு?" என்றார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "எது? கதவா? லாரிதான் இடிச்சிருக்கும்."

"கதவைக் கேட்கல."

வியர்த்தது அவருக்குத்தான். இந்தக் கேள்வி கேட்கிறவனையும் இப்படி வியர்க்க வைக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. மகள் அவர் முகத்தையே பார்த்தாள், நிறைய நேரம். பிறகு எழுந்து வந்து, பட்டித் தூள் கிடந்த தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"சொல்றேன்," என்றாள். "கதவை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. ஆடுது."

அவர் பிடித்துக்கொண்டார்.